தபால் பக்கம் நாய்கள்

டாரபீன்
ஜூன் 3, திங்கள்

நரெல் டூயி அவர்களுக்கு,

சனிக்கிழமை உங்கள் கடையில் நடந்ததைப் பற்றி எழுதுகிறேன். நேரில் வந்து சொல்லியிருப்பேன்; ஆனால் இனி வராதே என்று எல்லோர் முன்னாலும் சொன்னது நீங்கள்தான். தொலைபேசியில் பேசலாம். நாம் தொலைபேசியில் சண்டை போட்டால் யார் முதலில் வைக்கிறார்கள் என்பதில்தான் முடியும். ஆகவே கடிதம்.

கடை உங்களுடையது. தபால் உங்களுடையது அல்ல. இந்த ஊரில் வீட்டுக்கு வீடு தபால்காரர் வருவதில்லை. என் கடிதம், என் தைராய்டு மாத்திரை, என் பார்சல் எல்லாம் உங்கள் மேஜைக்குப் பின்னால்தான் வந்து விழுகின்றன. அவற்றை எடுத்துக்கொள்ள வருவதற்கு நான் யாருடைய தயவையும் எதிர்பார்க்க வேண்டியதில்லை. நாயின் தயவை நிச்சயமாக இல்லை.

மார்ச்சில் ‘நாய்கள் உள்ளே வரலாம்’ என்று பலகை மாட்டினீர்கள். உணவு விற்கும் இடத்தில் வளர்ப்பு நாய் கூடாது என்று சட்டம் இருக்கிறதே என்றேன். மறுநாள் தரையில் மஞ்சள் நாடா ஒட்டியிருந்தீர்கள். ரொட்டி, சாசேஜ் ரோல், காபி எல்லாம் நாடாவுக்கு ஒரு பக்கம். ஆணி, கயிறு, தபால் மறுபக்கம். நாய்கள் தபால் பக்கம். நாய்க்கு நாடா புரியுமா என்று கேட்டேன். சிரித்தீர்கள். ரொட்டியை நாயிடமிருந்து காப்பாற்றிவிட்டீர்கள். தபால் வாங்க வருகிறவர்களை அதனிடம் விட்டுவிட்டீர்கள்.

சனிக்கிழமை ஊரில் மின்சாரம் இல்லை. உங்கள் ஜெனரேட்டர் ஓடியதால் எல்லோரும் அங்கே இருந்தார்கள். நான் தபால் வரிசையில் நின்றேன். கன்றுக்குட்டி உயரத்தில் ஒரு சுருள்முடி நாய், கழுத்தில் கயிறு இருந்தும் யாரும் பிடிக்காமல், வந்து முன்னங்கால்களைத் தூக்கி என் மார்பில் வைத்தது. தள்ளினேன். மறுபடி வைத்தது.

“ஒண்ணும் பண்ணாதுங்க. மான்ட்டி ரொம்ப ஃப்ரெண்ட்லி. சும்மா ஹலோ சொல்லுது” என்றார் அதன் சொந்தக்காரி.

“எனக்கு யாரும் ஹலோ சொல்ல வேண்டாம். முதல்ல அத இறக்குங்க.”

“ஏன், உங்களுக்கு நாய்னா ஆகாதா?”

மூன்றாம் தடவை அது மூக்கை என் கோட்டுக்குள் நுழைத்தபோதுதான் கையிலிருந்த ரொட்டியால் அடித்தேன். அப்போது நீங்கள் சொன்னது: “மெரின், வாயில்லா ஜீவனப் போய் அடிக்கிறியே. உனக்கென்ன கிறுக்கா? வெளிய போ. கொஞ்ச நாளைக்கு இந்தப் பக்கம் வராத.”

நான் கேட்பது இரண்டு. நாய்கள் வெளியே கட்டப்பட வேண்டும். அதற்குள், எனக்கு ஒரு பார்சல் வந்திருக்கும், பால் பொடி. அதை என் கேட்டில் தொங்கவிடுங்கள். அது அவசரம்.

மெரின் ஆல்சப்

*

கடையிலிருந்து
ஜூன் 7, வெள்ளி

மெரின்,

எப்போதிருந்து நான் உனக்கு ‘நீங்கள்’ ஆனேன்? எட்டு வருடமாக நீ, வா, போ என்று இருந்துவிட்டு, ஒரு ரொட்டிச் சண்டையில் எனக்கு இவ்வளவு மரியாதையா? படித்ததும் நீ வங்கியிலிருந்து எழுதுகிறாயோ என்று பயந்துவிட்டேன்.

உன் ஜன்னலிலிருந்து என் கடை தெரிகிறது. நீ கடிதத்தை என் சுவரிலேயே மாட்டியிருக்கும் சிவப்புப் பெட்டியில் போட்டிருக்கிறாய். அதன் சாவி என்னிடம் இல்லை, லாரிக்காரனிடம் இருக்கிறது. அது கான்பெராவுக்குப் போய், முத்திரை வாங்கிக்கொண்டு, நேற்று திரும்பி வந்து சேர்ந்தது. பார்சல் அவசரம் என்று அதில் எழுதியிருக்கிறாய். அவசரம் என்றால் தெருவைத் தாண்டி வந்து கதவைத் தட்ட வேண்டியதுதானே? நான் கடிப்பேனா? பால் பொடியை இந்தக் கடிதத்தோடு கேட்டில் கட்டிவிட்டேன், பார்த்துக்கொள்.

இப்போது நாய் விஷயம். போன குளிர்காலம் உனக்கு நினைவிருக்கிறதோ இல்லையோ, எனக்கு இருக்கிறது. நாள் முழுக்க நானும் என் நாய் ஸ்பேனரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தோம். ஸ்பேனராவது தூங்கியது. பனிமலைக்குப் போகிற கார்கள் எல்லாம் நிற்காமல் பறந்தன. மேலே தேசியப் பூங்காவுக்குள் நாயை விடமாட்டார்கள், ஆகவே நாய் வைத்திருக்கிறவர்கள் எல்லாம் நம் ஊருக்கு அந்தப் பக்கம் இருக்கிற நாய் விடுதியில் விட்டுவிட்டுத்தான் போகிறார்கள், திரும்பும்போது எடுத்துக்கொள்கிறார்கள். நாயோடு உட்கார்ந்து காபி குடிக்க இந்த ரோட்டிலேயே வேறு இடம் இல்லை என்று ஆனதும்தான் அந்தக் கார்கள் நின்றன. அவர்கள் நிற்பதால் கடை பிழைக்கிறது. கடை பிழைப்பதால் தபால் வருகிறது. கடை மூடினால் உன் மாத்திரைக்கு நீ கூமா டவுனுக்குக் கார் ஓட்ட வேண்டும், பனியில், அந்தத் தேய்ந்த டயரோடு.

மான்ட்டியின் சொந்தக்காரி, அந்த சிட்னி அம்மா, சும்மா இருக்கவில்லை. இணையத்தில் ‘ரொட்டியால் நாயை அடிக்கும் ஊர்’ என்று எழுதிப் போட்டிருக்கிறாள். ஆட்டுப் பண்ணை கெவ் ப்ரோஃபி அதை எல்லோருக்கும் உரக்கப் படித்துக் காட்டினான்.

“எந்த ரொட்டிம்மா அது? அன்னிக்குச் சுட்டதா, முந்தா நாள் சுட்டதா?” என்று என்னைக் கேட்டான்.

“ஏன் கேக்குற?”

“முந்தா நாள்துன்னா அந்த நாய் இந்நேரம் ஆஸ்பத்திரில இருக்கணுமே.”

அவன் ஆட்டுமந்தை நாய்களை நான் எவ்வளவு கூப்பிட்டாலும் வண்டியின் பின்னாலிருந்து இறக்க மாட்டான். “அதுங்க வேலைக்குப் போற நாய். கடைக்குள்ள வந்து காபி வாசனையில படுத்தா நாளைக்கு ஆட்டுக்கு முன்னாடி தலை நிமிர்ந்து நிக்க முடியாது” என்கிறான். உனக்கு ஆதரவு என்று எடுத்துக்கொள்ளாதே. அவன் யாருக்கும் ஆதரவு இல்லை.

உண்மையாகக் கேட்கிறேன், அந்த நாய் உன்னை என்ன செய்துவிட்டது? காலைத் தூக்கி வைத்தது. உன் வீட்டில் வளை தோண்டுகிற காட்டு விலங்கை, அந்த வோம்பாட் குட்டிகளை, விடிய விடிய மடியில் போட்டு வளர்க்கிறவள் நீ. நாய்க்கு மட்டும் ஏன் இவ்வளவு விரைப்பு?

நரெல்

*

டாரபீன்
ஜூன் 12, புதன்

நரெல்,

‘நீங்கள்’ வேண்டாம் என்கிறாய், சரி.

பால் பொடி கிடைத்தது. இனி அது குட்டிகளில் பெரியவளுக்கு மட்டும்தான். சின்னதற்குத் தேவைப்படவில்லை.

அந்த நாய் என்ன செய்தது என்று கேட்டாய். சனிக்கிழமை என் கோட்டுக்குள், கம்பளிச் சட்டைக்கும் தோலுக்கும் நடுவே, ஒரு துணிப்பையில் வோம்பாட் குட்டி இருந்தது. அந்த வாரம்தான் நெடுஞ்சாலையில் கார் மோதிக் கிடந்த தாயின் வயிற்றுப் பையிலிருந்து எடுத்தது. உள்ளங்கையில் அடங்கும். ரோமம் இல்லை, கண் திறக்கவில்லை. அந்த வயதில் அதற்குச் சொந்தமாக உடம்புச் சூடு கிடையாது. மின்சாரம் போனதும் சூட்டுப் பெட்டி ஆறிவிட்டது. விறகடுப்பின் அருகே வைத்தால் ஒரு பக்கம் வெந்து மறுபக்கம் விறைக்கும். மிச்சம் இருந்தது என் உடம்புதான். பால் பொடி தீரும் நிலையில் இருந்தது. உன் கடையில் பார்சல் வந்திருக்கும், வெந்நீரும் கிடைக்கும் என்று வந்தேன். கடையில் இருந்த யாருக்கும் தெரியாதது அந்த நாய்க்குத் தெரிந்தது. அது ஹலோ சொல்லவில்லை.

கடி இல்லை, கீறலும் இல்லை. இந்தக் குட்டிகள் பயத்திலேயே போய்விடும். அன்று மாலையிலிருந்து அது பால் உறிஞ்சவில்லை. செவ்வாய்க்கிழமை விடிவதற்குள் செத்துவிட்டது. பொடி முதலிலேயே கைக்கு வந்திருந்தால் பிழைத்திருக்குமா என்று உன்னையே நீ கேட்டுக்கொள்வாய், வேண்டாம். பிழைத்திருக்காது. அவ்வளவு சின்னதில் பல எப்படியும் பிழைப்பதில்லை. நாய்தான் காரணம் என்று என்னால் நிரூபிக்கவும் முடியாது. எனக்குத் தெரியும், அவ்வளவுதான்.

நீ சொல்வதற்கு முன் நானே சொல்லிவிடுகிறேன். நானும் ஒரு மிருகத்தை உன் கடைக்குள் கொண்டுவந்தேன். முதல் தடவையும் அல்ல, மார்ச்சிலிருந்தே இப்படித்தான், வேறு குட்டிகளோடு. ரொட்டிப் பக்கமும் போனேன். எங்கள் வனவிலங்குக் குழுவின் விதி தெளிவானது: பராமரிப்பில் இருக்கும் குட்டியைப் பொது இடத்துக்குக் கொண்டுபோகக் கூடாது, நாய் இருக்கும் இடத்துக்குக் கொண்டுபோகவே கூடாது. ஒருங்கிணைப்பாளர் ஹிலரி பாஸ்கோ விதி விஷயத்தில் விட்டுக்கொடுப்பவள் அல்ல. தெரிந்தால் என் அனுமதி போகும். பெரியவளையும் எடுத்துக்கொண்டு போய்விடுவார்கள். அவள் இப்போதுதான் பின்முற்றத்தில் தானே குழி தோண்டத் தொடங்கியிருக்கிறாள். வசந்தம் வரை என்னிடம் இருந்தால் காட்டில் விட்டுவிடலாம். ஆகவே இதை உனக்கு மட்டும் எழுதுகிறேன்.

சட்டம் பேசியதற்கு மன்னிப்புக் கேட்கவில்லை. சட்டம் சட்டம்தான். ஆனால் நான் கேட்பது பெரிதல்ல. நாய்களை வாசலில் கட்டச் சொல். அது போதும்.

மெரின்

*

ஜூன் 16, ஞாயிறு, கடை மூடிய பிறகு

மெரின்,

நீ கதவுக்கடியில் போட்டுவிட்டுப் போன கடிதத்தை மாவு மூட்டை மேல் உட்கார்ந்து படித்தேன். அழுதேன் என்று எழுதினால் உனக்குப் பிடிக்காது. மூக்கைச் சிந்தினேன் என்று வைத்துக்கொள்.

அப்புறம் கோபம் வந்தது, அதையும் சொல்லிவிடுகிறேன். மாதக்கணக்கில் கோட்டுக்குள் காட்டு விலங்கை வைத்துக்கொண்டு என் ரொட்டி அலமாரியில் சாய்ந்து நின்று எனக்குச் சுகாதாரச் சட்டம் படித்தவள் நீ. “நரெல், உள்ள ஒரு குட்டி இருக்கு” என்று என் காதில் ஒரு வார்த்தை போட்டிருந்தால், அந்த நாயை நானே தூக்கி வெளியே எறிந்திருப்பேன், கூடவே அந்த அம்மாவையும். நீ சொல்லவில்லை. நீ எதையும் சொல்வதில்லை, மெரின். மற்றவர்களுக்குத் தெரியாமல் போனதும் அவர்கள் மேல் வருத்தப்படுகிறாய்.

சரி, இனி நல்ல செய்தி. ஊரில் நாலு பேர் உன்னைக் கல்நெஞ்சக்காரி என்று பேசிக்கொண்டிருந்தார்கள். என்னால் கேட்டுக்கொண்டு இருக்க முடியவில்லை. வியாழக்கிழமையே காபி மெஷின் பக்கத்தில் ஒரு அட்டை வைத்தேன், ‘மெரின் ஆல்சப்பின் அநாதை வோம்பாட்டுகளுக்காக’ என்று. நேற்று கால்பந்துக்குப் பிறகு, உன் குட்டிகளுக்குப் பணம் சேர்க்க, ஒரு இறைச்சித் தட்டைப் பரிசாக வைத்துச் சீட்டுக் குலுக்கல் நடத்தினோம். சாப்ஸ், சாசேஜ், ஒரு முழு ஆட்டுத் தொடை. அட்டையில் நடந்ததை எல்லாம் எழுதியிருந்தேன், ‘பட்டன்’ என்று நான் பெயர் வைத்த குட்டியை நெஞ்சோடு அணைத்து நீ எப்படி நின்றாய் என்று. இவ்வளவு சீட்டு புதுவருடக் குலுக்கலுக்குக்கூடப் போனதில்லை. கெவ் இரண்டு வரிசை வாங்கினான். “சொல்லியிருக்கலாமே அந்தப் பொண்ணு” என்றான். நான் என்ன சொன்னேன் என்று நினைக்கிறாய், அதையேதான் நானும் சொல்கிறேன் என்றேன்.

அந்த சிட்னி அம்மாவின் விமர்சனத்துக்குக் கீழேயும் முழுக் கதையைப் பதிலாகப் போட்டுவிட்டேன். இப்போது ஜனங்கள் அவளைத்தான் திட்டுகிறார்கள்.

உனக்கு மட்டும் என்று எழுதியிருந்தாய், தெரியும். ஹிலரியிடம் நான் மூச்சு விடவில்லை, சத்தியமாக. அவள் இருப்பது கூமாவையும் தாண்டி. நம் ஊர் இறைச்சித் தட்டு அவளுக்கு எப்படித் தெரியப்போகிறது?

நாய்கள் விஷயத்தில் யோசித்துக்கொண்டிருக்கிறேன். நீ கடைக்கு வா.

நரெல்

*

டாரபீன்
ஜூன் 24, திங்கள்

நரெல்,

இறைச்சித் தட்டை வென்றது ஹிலரியின் மைத்துனன்.

அவன் சொல்லியிருக்காவிட்டாலும் பயன் இல்லை. நீ இணையத்தில் எழுதியதை அவள் அதற்கு முன்பே படித்துவிட்டாள். பெயர், ஊர், நாள், நாய் எல்லாம் அதில் இருந்தன. புதன்கிழமை தொலைபேசியில் அழைத்தாள். அவள் கத்தவில்லை. கத்தியிருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும்.

“நீங்க எழுதுன அறிக்கையில, குட்டி காரணம் தெரியாம செத்துச்சுன்னு இருக்கு” என்றாள்.

“ஆமா.”

“காரணம் உங்களுக்குத் தெரிஞ்சிருக்கு. ஊருக்கே தெரிஞ்சிருக்கு. எனக்கு மட்டும்தான் தெரியல.”

எல்லாவற்றையும் ஒத்துக்கொண்டேன்.

விசாரணை முடியும் வரை என்னிடம் எந்த விலங்கும் இருக்கக் கூடாது. பெரியவளை வெள்ளிக்கிழமை வேறொருவரிடம் ஒப்படைக்க வேண்டும். இந்த வயதில் கை மாறினால் பாட்டிலை மறுக்கும். சில, குழி தோண்டுவதையும் நிறுத்திவிடும். இப்போது அவள் என் செருப்பைத் தின்றுகொண்டிருக்கிறாள். எதையும் மறுக்கிற மாதிரி தெரியவில்லை. அதுதான் எனக்குத் தாங்க முடியாதது.

இறந்த குட்டியின் பெயர் பட்டன் இல்லை. அதற்குப் பெயரே கிடையாது. நான் பெயர் வைப்பதில்லை, எட்டு வருடத்தில் அதையாவது நீ கவனித்திருக்கலாம். நான் அதை நெஞ்சோடு அணைத்துக்கொண்டும் நிற்கவில்லை. வரிசையில் நின்றேன், பால் பொடிப் பார்சலுக்காக. ஒரு சாவை எடுத்து, அதற்குப் பெயர் வைத்து, சாசேஜோடு குலுக்கலில் விட்டிருக்கிறாய். உன் நல்ல மனசைப் பற்றி எனக்குச் சந்தேகம் இல்லை. சந்தேகம் இருந்திருந்தால் அந்தக் கடிதத்தை எழுதியிருக்க மாட்டேன், இதுவும் நடந்திருக்காது.

நாய்களை வாசலில் கட்டச் சொல் என்று மட்டும்தான் கேட்டேன். நீ அதைத் தவிர எல்லாவற்றையும் செய்தாய்.

என் தபாலை அடுத்த வாரத்திலிருந்து கூமாவுக்குத் திருப்பச் சொல்லிவிட்டேன். பதில் வேண்டாம்.

மெ. ஆல்சப்

*

ஜூன் 26, புதன்

மெரின்,

பதில் வேண்டாம் என்றாய். கொஞ்சம்தான் எழுதுகிறேன்.

அட்டையை எடுத்துவிட்டேன். இணையத்தில் போட்டதையும் அழித்துவிட்டேன், அதற்குள் யாரோ படம் எடுத்து வைத்திருக்கிறார்களாம். ஹிலரிக்குப் போன் செய்தேன். உனக்குத் தெரிந்தால் கொல்லுவாய், ஆனாலும் செய்தேன். எல்லாம் என் தப்பு, மெரின் மேல் ஒன்றும் இல்லை, குட்டி கோட்டுக்குள் இருந்ததே நானாகச் சேர்த்தது என்றுகூடச் சொல்லிப் பார்த்தேன்.

“மெரினே ஒத்துக்கிட்டாங்களே” என்றாள்.

“அவ எப்பவுமே தேவையில்லாத இடத்துல உண்மையப் பேசுவா.”

“நீங்க நல்லது பண்றதா நினைச்சீங்க, நரெல். எங்க குழுவுக்கு வர்ற பாதிப் பிரச்சினை நல்லது பண்றவங்களாலதான். ரோட்டுல கிடந்த குட்டிக்குப் பசும்பால் ஊத்துவாங்க, அது செத்துடும். அவங்களும் அழத்தான் செய்வாங்க.”



இன்னொன்று. உங்கள் குழு எப்போதும் பாதி வழியில் ஏதாவது ஒரு கடையில்தான் விலங்குகளைக் கை மாற்றுகிறதாமே. வெள்ளிக்கிழமைக்கு அவள் சொன்ன இடம் என் கடை. வேண்டாம் என்று சொல்லிவிடலாமா என்று யோசித்தேன். பெட்ரோல் பங்க்கில் குளிரில் நின்று நீ அவளைக் கொடுக்க வேண்டியிருக்குமே என்று சரி என்றேன்.

பலகையைக் கழற்றிவிட்டேன். அன்று ஒரு நாயும் உள்ளே இருக்காது. ஸ்பேனரை கெவ்விடம் விட்டுவிடுவேன். கடையையே மூடி வைக்கிறேன். நீ வந்து கொடுத்துவிட்டுப் போ. என்னோடு பேச வேண்டாம்.

நரெல்

*

டாரபீன்
ஜூலை 2, செவ்வாய்

நரெல்,

வெள்ளிக்கிழமை கடையை மூடி வைத்ததற்கு நன்றி சொல்ல வேண்டும், ஆகவே இது.

தரை முழுக்க ப்ளீச் ஊற்றிக் கழுவியிருந்தாய். நாய் வாசனை போகட்டும் என்றுதான், புரிந்தது. கதவைத் திறந்ததும் எனக்கே கண் எரிந்தது. மூக்கால் வாழ்கிற விலங்குக்கு அது எப்படி இருக்கும் என்று நீ யோசிக்கவில்லை. அவள் தும்மித் தும்மிப் பைக்குள் இன்னும் ஆழமாகப் போய்விட்டாள், வெளியே எடுக்க முடியவில்லை. ஹிலரி கையை விட்டபோது நன்றாகவே கடித்தாள். எனக்கு அதில் கொஞ்சம் திருப்தி.

தூரத்தில் கெவ்வின் வண்டியில் ஸ்பேனர் முழு நேரமும் ஊளையிட்டது.

“அது என்ன சத்தம்? நாயா?” என்று ஹிலரி கேட்டாள்.

“ரேடியோ” என்றாய் நீ.

“கால்பந்துல தோத்துட்டாங்க போல” என்றான் ஜன்னல் வழியே கெவ். அவனை யார் கூப்பிட்டார்கள் என்று தெரியவில்லை.

காகிதத்தில் கையெழுத்தைத் தப்பான கோட்டில் போட்டு, அடித்துவிட்டு மறுபடி போட்டேன். நீ பார்த்தாய். பார்த்துவிட்டு வேறு பக்கம் திரும்பி, ஆணிப் பெட்டிகளை அடுக்க ஆரம்பித்தாய். அதற்கும் நன்றி.

முடிவு தெரிந்துவிட்டது. இந்த வருடம் முழுவதும் எனக்கு விலங்கு இல்லை. அதன் பிறகு மறுபடி விண்ணப்பிக்கலாம். கடுமையான தண்டனை என்று சொல்ல முடியாது. ஹிலரியின் இடத்தில் நான் இருந்தாலும் இதைத்தான் செய்திருப்பேன்.

மெரின்

*

ஜூலை 21, ஞாயிறு

மெரின்,

மூன்று வாரமாகப் பலகை இல்லை. நாய்கள் வாசலில். நீ கேட்டதுதான்.

கார்கள் மெதுவாக வருகின்றன, வாசலைப் பார்க்கின்றன, போய்விடுகின்றன. நேற்று, பள்ளி விடுமுறையின் கடைசி சனிக்கிழமை, மலை முழுக்கப் பனி, நான் சாசேஜ் ரோல்களை அடுப்பில் வைத்தேன், மாலையில் எடுத்துக் கோழிக்குப் போட்டேன். கோழிகளுக்குப் பிடித்திருக்கிறது.

அணைப் பக்கமிருந்து புதன்கிழமை தோறும் கிரேம் வருவாரே, மூன்று கால் நாயோடு. நீ பார்த்திருப்பாய். தபால் ஒன்றும் இருக்காது, இருந்தாலும் கேட்பார். ஒரு டீ வாங்கிக்கொண்டு ஹீட்டர் பக்கத்தில் உட்காருவார். அவராக வாய் திறக்க மாட்டார், ஆனால் யாராவது “ஐயோ, காலுக்கு என்ன ஆச்சு?” என்று நாயைக் கேட்டால் போதும், ஒரு மணி நேரம் பேசுவார். வாரத்தில் அவர் மனிதர்களோடு பேசுவது அவ்வளவுதான் என்று நினைக்கிறேன். நாயை வெளியே கட்ட வேண்டும் என்று நான் சொன்னபோது கோபப்படவில்லை. “சரிம்மா, கடைன்னா ஒழுங்கு வேணும்ல” என்றார். டீயை வெளியே குளிரில் நின்று குடித்தார், நாய் பக்கத்தில். அடுத்த புதன் வரவில்லை. இந்தப் புதனும் வரவில்லை.

ஆக, நாய் வேண்டும் என்கிறவர்கள் வருவதை நிறுத்திவிட்டார்கள். நாய் வேண்டாம் என்றவள் நீ ஒருத்தி, நீயும் வரவில்லை. நீ உன் மாத்திரையைக் கூமாவில் வாங்குகிறாய். நாய் இல்லாத, மனிதர் இல்லாத, ப்ளீச் வாசனை இன்னும் போகாத ஒரு கடையில் நான் யாருக்காகக் கதவைத் திறந்து வைத்துக்கொண்டு நிற்கிறேன், சொல்.

கெவ் மட்டும் வருகிறான். “முன்னாடி நாய் ஜாஸ்தி, ஆளு கம்மி. இப்ப ரெண்டும் கம்மி. முன்னேற்றந்தான்” என்கிறான். அவனை ஒரு நாள் ரொட்டியால் அடிக்கப்போகிறேன், முந்தா நாள் ரொட்டியால்.

நான் உனக்கு ஒரு கெடுதல் செய்துவிட்டேன். அதற்காகத்தான் பலகையைக் கழற்றினேன், சட்டத்துக்காக இல்லை. ஆனால் எத்தனை நாள் கழற்றி வைத்தால் அது சரியாகும் என்று எனக்குத் தெரியவில்லை. வசந்தம் வரை இப்படியே போனால் கடையைக் கொடுத்துவிட வேண்டியதுதான். மிரட்டலாக எழுதவில்லை. நேராகக் கேட்கிறேன், நேராகச் சொல். பலகையை மாட்டவா, வேண்டாமா? நீ வேண்டாம் என்றால் மாட்ட மாட்டேன்.

நரெல்

*

டாரபீன்
ஜூலை 25, வியாழன்

நரெல்,

மாட்டு.

உன்னை மன்னித்துவிட்டதால் சொல்கிறேன் என்று நினைக்காதே. அதைப் பற்றி நான் இன்னும் முடிவு செய்யவில்லை. இரவில் பால் கரைக்கிற நேரத்துக்கு இன்னும் விழித்துக்கொள்கிறேன். சமையலறை வரை போய்விட்டுத்தான் ஒன்றும் இல்லை என்பது நினைவுக்கு வருகிறது. அந்த நேரங்களில் உன்னைப் பற்றி நான் நினைப்பதை எழுத முடியாது.

பெரியவளைப் பற்றிக் கேட்க உனக்குத் தயக்கமாக இருக்கும். பாட்டிலை அடியோடு மறுத்துவிட்டாளாம். புல் மட்டும் தின்கிறாள். எடை இறங்கியிருக்கிறது. புதிதாக வளர்க்கிறவர் அனுபவசாலி. பிழைப்பாள் என்கிறார், ஆனால் எவ்வளவு நம்பிக்கையோடு என்று தொலைபேசியில் கண்டுபிடிக்க முடியவில்லை.

பலகை விஷயம். யாருக்காகக் கதவைத் திறந்து வைக்கிறேன் என்று கேட்டாய், நாய்களை யாருக்காக வெளியே கட்டுகிறாய் என்று நான் கேட்கிறேன். எனக்காகவா? என்னிடம் இப்போது காப்பாற்ற வேண்டியது ஒன்றும் இல்லை. வருடம் முடியும் வரை இருக்கவும் போவதில்லை. எனக்காகக் கிரேம் குளிரில் நின்று டீ குடிக்க வேண்டாம். நான் அவரைப் பார்த்திருக்கிறேன். அவரோடு ஒரு தடவையும் பேசியதில்லை. நாயை எதற்குக் கூட்டிக்கொண்டு வருகிறார் என்று மட்டும் நினைத்திருக்கிறேன்.

இந்த மூன்று வாரமாக ஒன்றை யோசித்துக்கொண்டிருந்தேன். மார்ச்சிலிருந்து உன்னிடம் நான் பேசிய சட்டம், சுகாதாரம், ரொட்டி, மஞ்சள் நாடா எல்லாமே ஒரு மறைப்பு. உண்மைக் காரணம் கோட்டுக்குள் சுருண்டு தூங்கிக்கொண்டிருந்தது. நீ மறைப்புக்குத்தான் பதில் சொல்லிக்கொண்டிருந்தாய் என்று உனக்கே தெரியாது. இப்போது காரணம் போய்விட்டது, வாதம் மட்டும் தனியாக நிற்கிறது. தனியாக வைத்துப் பார்த்தாலும் அது அவ்வளவு மோசமான வாதம் இல்லை என்றே எனக்குத் தோன்றுகிறது. பயப்படுகிறவர்கள் இருக்கிறார்கள், பிடிக்காதவர்கள் இருக்கிறார்கள், அவர்களுக்கும் தபால் வருகிறது. அவர்கள் போக வேறு இடம் இல்லை. நாயோடு வருகிறவருக்கும் வேறு இடம் இல்லை என்பாய். எனக்குத் தெரியும். அதற்கு என்ன பதில் சொல்வது என்று இன்னும் கண்டுபிடிக்கவில்லை, ஆனால் இருக்கிறது.

தபால் திருப்புதலை ரத்து செய்துவிட்டேன். சனிக்கிழமை காலை வருகிறேன். எத்தனை நாய் இருந்தாலும் இருக்கட்டும். கோட்டுப் பொத்தான்களை எல்லாம் திறந்துவிட்டு வரிசையில் நிற்பேன். என் முறை வந்ததும், தபால் வாங்கும் இடத்தில் நாய் கூடாது என்று எல்லோர் காதிலும் விழும்படி சொல்லப்போகிறேன். நீ மறுக்க வேண்டும். முன்பு மறுத்தாயே, அதே மாதிரி, சத்தமாக. என்னைப் பார்த்து இரக்கப்பட்டு நீ விட்டுக்கொடுத்தால் நான் கூமாவுக்கே போய்விடுவேன்.

மெரின்